நாலரை அங்குலம்

பாலத்தின் வடக்கு முனையில், படிக்கட்டு இறங்குகிற இடத்தில், இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுப்படுகிற அளவில் ஒரு தையல் கடை இருக்கிறது. ஒரு மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஒரு இஸ்திரிப் பெட்டி. இவற்றுக்கெல்லாம் போக மிச்சமிருக்கும் இடத்தில் டெய்லரம்மா. முப்பத்தொரு வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். ஊரில் பாதிப் பேருடைய தோளும் இடுப்பும் அவளுக்கு எண்களாகத்தான் ஞாபகம். எதிரில் ஆள் வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் கண் தோள்பட்டைக்குப் போய்விடும்.

நல்ல மனுஷி. கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடம் யாரும் வாயைக் கொடுக்கக் கூடாது. அது அளவு. ஒருதரம் ஒரு வாத்தியார், சட்டையின் ஒரு கை மட்டும் நீளமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவரை நடுக்கடையில் நிற்கவைத்து இரண்டு கையையும் அளந்தாள். "சட்டை சரியாத்தான் இருக்கு சார். உங்க கைதான் ஒண்ணு குட்டை" என்று அனுப்பிவைத்தாள். அன்றிலிருந்து அவர் ஒரு பக்கம் சாய்ந்தே நடக்கிறார் என்று அவளுடைய புருஷன் சொல்லிக்கொண்டு திரிந்தார். புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஆள். வீட்டில் ஒருத்தர் அப்படி இருந்தால்தான் இன்னொருத்தர் இப்படி இருக்க முடியும்.

அவளை ஆற்றுக்குள் இழுத்துவிட்டதும் இந்த அளவுதான்.

அந்த ஆறு மழைக்காலத்தில் மிரட்டும், கோடையில் கெஞ்சும். பாலத்துக்கு மேல் பக்கம் நாற்றுப் பண்ணைகளும் சலவைக்கூடங்களும் பெரிய தோட்டங்களும் இருந்தன. எல்லாருக்கும் மோட்டார் உண்டு. கீழ்ப் பக்கம் சின்னச் சின்னக் காய்கறி நிலங்கள், கிணறுகள், வலை போடுகிற பத்துப் பதினைந்து குடும்பங்கள். கோடையில் மேல் பக்கத்து மோட்டார்கள் குடித்தது போக, கீழே வந்து சேர்வது மணலும் மனஸ்தாபமும்தான். குழாயை வெட்டினார்கள், வழக்குப் போட்டார்கள், ஒரே பஸ்ஸில் ஏறி ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். கடைசியில் இரண்டு பக்கத்துக்காரர்களும் நூலகத்துக் கூடத்தில் உட்கார்ந்து, பதினான்கு தடவை எழுந்துபோய்ப் பதினைந்து தடவை திரும்பிவந்து, ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். தண்ணீர் ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் அன்றைக்கு மேல் பக்கத்து மோட்டார் ஒன்றுகூட ஓடக் கூடாது. இருப்பது கீழே போகட்டும். அதிலும் கொஞ்சம் ஆற்றிலேயே கிடக்கட்டும், மீனுக்கும் ஆற்றுக்கும் அதுதான் பங்கு.

மட்டத்தைக் காட்டப் பாலத்தின் தூணில் சிவப்புக் கோடு போட்டார்கள். இரண்டே வாரத்தில் கோடு ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. தண்ணீர் இறங்கிப் பார்த்திருக்கிறோம், கோடு இறங்கி யார் பார்த்தது? அடுத்த வாரம் அதே கோடு இரண்டு சாண் மேலே ஏறியிருந்தது. யார் கையில் பெயின்ட் ஒட்டியிருக்கிறது என்று ஒருத்தர் கையை ஒருத்தர் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒப்பந்தம் அன்றைக்கே ஆற்றோடு போயிருக்கும். சலவைக்கூடத்துக்காரம்மாதான் எழுந்து, "கோடும் வேணாம், கீடும் வேணாம். டெய்லரம்மா அளந்து சொல்லட்டும். அவ சொன்னா அதுக்கு மேல பேச்சு ஏது?" என்றாள். மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் சேர்ந்து தலையாட்டியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

டெய்லரம்மா அன்றைக்குக் கொஞ்சம் உயரமாகத்தான் வீட்டுக்கு நடந்தாள். மூன்று தையல் டேப்புகளை ஒன்றோடொன்று சேர்த்து, அறுபது முடிகிற இடத்தில் அறுபத்தொன்று ஆரம்பிக்கிற மாதிரி இழை பார்த்துத் தைத்தாள். நுனியில் கட்ட ஒரு கனம் வேண்டுமென்று கேட்டதும், புருஷன் பஸ் சக்கரத்து நட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். காற்றில் அது ஆடுகிறது என்றதும் அதைவிடப் பெரியதாக இன்னொன்றைக் கொண்டுவந்தார். தினமும் காலை ஆறு மணிக்குப் பாலத்தின் நடுக் கைப்பிடியிலிருந்து டேப்பை இறக்குவாள். நட்டு தண்ணீரைத் தொட்டு ஒரு சின்ன வட்டம் விழும். கைப்பிடியின் விளிம்பில் டேப் என்ன சொல்கிறதோ அதுதான் அன்றைய எண். கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி அதில் எழுதிவைப்பாள், ஆற்றுக்கென்று வைத்த நோட்டிலும் குறித்துக்கொள்வாள். நூற்றெழுபது அங்குலத்துக்கு மேல் போனால் தண்ணீர் அவ்வளவு கீழே கிடக்கிறது என்று அர்த்தம், மோட்டார்கள் நிற்க வேண்டும். எழுதிவிட்டு டேப்பைக் கதவுப் பக்கத்து ஆணியில், நட்டோடு, காயப்போடுவாள்.

மூன்று கோடை அப்படி ஓடியது. அவள் எண்ணை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை, ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி வேறு யாருமில்லை, நாத்தனார். புருஷனின் தங்கை. ஐம்பது வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். கீழ்ப் பக்கத்தின் கடைசி வளைவில் அவளுக்குக் கொஞ்சம் நிலம். அதில் இருபத்திரண்டு எலுமிச்சை மரங்கள் நின்றன, எல்லாம் அவள் கையால் வைத்தவை. அண்ணியும் நாத்தனாரும் என்றால் எலியும் பூனையும் என்று நினைத்துவிட வேண்டாம். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்த மெக்கானிக்கைத்தான் எலியாக்கி வைத்திருந்தார்கள். பாப்பா போடுகிற சட்டை ஒவ்வொன்றும் அண்ணி தைத்தது.

போன கோடையில் அந்த மரங்கள் காய்ந்தன. பாப்பா கூட்டத்தில் எழுந்து, "பலகையில நூத்தி அறுபத்தெட்டுன்னு இருக்கு. என் பக்கம் வந்து பாருங்க, முழங்கால் நனையல. எங்கேயோ அளவு தப்பா இருக்கு" என்றாள். வெறும் சந்தேகம்தான், யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் அளவு தப்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் டெய்லரம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் டேப் இன்னிக்கு வரைக்கும் பொய் சொன்னதில்ல. தோட்டம் பார்க்கத் தெரியலைன்னா ஆத்து மேல ஏன் பழி போடறே?" என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. பாப்பா உட்கார்ந்தாள். அன்றைக்குப் பேச்சு நின்றதுதான், பதினொரு மாதமாகிறது. இருபத்திரண்டு மரத்தில் பத்தொன்பதை வெட்டிவிட்டாள் என்று புருஷன் வந்து சொன்னபோது, "அதுக்கு நான் என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு டெய்லரம்மா மெஷினை வேகமாக மிதித்தாள்.

இந்தக் கோடையின் ஆரம்பத்தில்தான் தபால் ஆபீஸ் குமாஸ்தாவின் கோட்டு வந்தது. மகள் பட்டம் வாங்குகிறாள், விழாவுக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். டெய்லரம்மா அவரை அளந்து நோட்டில் குறித்துக்கொண்டாள். மார்பு முப்பத்தெட்டு. துணி வெட்டுகிற அன்றைக்குக் கடை டேப்பைக் காணோம். எங்கேயோ நழுவி விழுந்திருக்கிறது. தேட நேரமில்லை. ஆணியில் தொங்கிய ஆற்று டேப்பை எடுத்துத் துடைத்து, நட்டை மேஜைக்கு அடியில் தொங்கவிட்டு, அதை வைத்து வெட்டி முடித்தாள்.

குமாஸ்தா போட்டுப் பார்த்தார். தோள் வழிந்தது. கை மணிக்கட்டைத் தாண்டி இறங்கியது. தம்பிக்கு அண்ணன் கோட்டைப் போட்டுவிட்ட மாதிரி நின்றார்.

"கொஞ்சம் தாராளமா இருக்குங்க. பரவாயில்ல, காத்தோட்டமா இருக்கும்" என்றார், பாவம்.

"நீங்க இளைச்சுட்டீங்களா?" என்று டெய்லரம்மா அதட்டினாள். மெஷினுக்குப் பின்னால் கிடந்த கடை டேப்பை அதற்குள் கண்டெடுத்திருந்தாள். அளந்தாள். முப்பத்தெட்டேதான், மனிதர் ஒரு நூல் இளைக்கவில்லை. கோட்டை அளந்தாள். அதுதான் ஒரு அங்குலம் பெருத்திருந்தது.

முப்பத்தொரு வருடத்தில் அவள் கையில் அப்படி நடந்ததில்லை. குமாஸ்தாவை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினாள். இரண்டு டேப்பையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். கடை டேப் அறுபதில் முடிந்த இடத்தில் ஆற்று டேப் ஐம்பத்தெட்டரையைத்தான் காட்டியது. ஒரு டேப்புக்கு ஒன்றரை அங்குலம். மூன்று டேப்புக்கு நாலரை. புருஷனிடம் பட்டறை இரும்பு டேப்பைக் கொண்டுவரச் சொல்லி அதையும் போட்டுப் பார்த்தாள். கடை டேப்பும் இரும்பும் ஒன்றாக நின்றன. ஆற்று டேப் மட்டும் தனியாக நீண்டு கிடந்தது.

மூன்று வருடமாகத் தண்ணீரில் நனைந்து, பஸ் நட்டைச் சுமந்து, துணி டேப் இழுபட்டுவிட்டது. டேப் இழுபட்டால் ஒவ்வொரு அங்குலமும் கொழுக்கும், எண் குறையும். ஆறு நூற்றெழுபத்திரண்டில் கிடக்க, பலகை நூற்றறுபத்தெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது. நிற்க வேண்டிய மோட்டார்கள் ஓடியிருக்கின்றன. தையல்காரி புது டேப் வாங்கினால் பழசோடு வைத்துப் பார்ப்பாள். கடையில் வருடம் தவறாமல் அதைச் செய்கிறவள், ஆணியில் தொங்கியதை ஒரு தரம்கூட வைத்துப் பார்க்கவில்லை. அவளுக்கு வேறு எதுவும் உடனே நினைவுக்கு வரவில்லை, பாப்பாவின் முகம்தான் வந்தது.

"இதுல என்ன இருக்கு?" என்றார் புருஷன், சாப்பாட்டுத் தட்டின் முன்னால். "நாளையிலேருந்து இரும்பு டேப்ல அள. சரியான நம்பரை எழுது. யாருக்கு என்ன தெரியப்போகுது? ஆறு இறங்கிடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க."

"போன வருஷத்தை என்ன பண்றது?"

"போன வருஷத்தை யாரால என்ன பண்ண முடியும்? நீயா போய்ச் சொன்னா, நாளைக்கு ஒரு பய உன் நம்பரை நம்பமாட்டான். ஒப்பந்தமும் போகும். நாத்துப் பண்ணைக்காரர் நாப்பது பேருக்கு யூனிஃபார்ம் குடுக்கறதா சொல்லியிருக்காரு, அதுவும் போகும்."

"நட்டு உங்களுதுதானே?"

"சின்ன நட்டுதான் முதல்ல குடுத்தேன்" என்றார் அவர். அப்புறம் அவரும் தட்டைத் தள்ளிவைத்தார். பாப்பா அவருக்குத் தங்கச்சி அல்லவா?

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் அவளைப் படுத்தியது. மறுநாள் காலை இரும்பு டேப்பை இறக்கினாள். நூற்றெழுபத்திரண்டு. அதையே பலகையில் எழுதினாள். மேல் பக்கத்து மோட்டார்கள் நின்றன. அரை மணியில் நாற்றுப் பண்ணைக்காரர் போன் செய்தார்.

"என்னம்மா, நேத்து அறுபத்தேழு, இன்னிக்கு எழுபத்திரண்டு. ஒரே நாள்ல ஆறு அஞ்சு அங்குலம் குதிச்சு இறங்குச்சா?"

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல சொல்றேன்" என்றாள்.

ஞாயிறுக்கு மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் மதிய நேரத்தில் கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, பழைய ஆற்று நோட்டை எடுத்து ஒவ்வொரு நாளையும் திருத்திப் பார்த்தாள். முதல் கோடையில் டேப் புதுசு, அதை விட்டாள். இரண்டாவது கோடைக்குப் பாதி இழுவை வைத்தாள். மூன்றாவதற்கு முக்கால். மோட்டார்கள் நிற்க வேண்டியிருந்தும் ஓடிய நாட்கள் மொத்தம் நாற்பத்தொன்று. போன கோடையில் மட்டும் இருபத்தொன்பது. பாப்பா கூட்டத்தில் எழுந்து பேசியது அதில் பதினேழாவது நாள். அன்றைக்கே கடைக்குப் போய் இரண்டு டேப்பையும் வைத்துப் பார்த்திருந்தால், மிச்சப் பன்னிரண்டு நாளாவது தண்ணீர் போயிருக்கும். மரம் பிழைத்திருக்குமா என்பது வேறு விஷயம். கேட்டதற்கு மரியாதையாகப் போய்ப் பார்த்திருக்கலாம். அவள் பென்சிலை வைத்துவிட்டு அழுதாள். பாதி சாத்திய கதவை முழுசாகச் சாத்திக்கொண்டு அழுதாள்.

"பாப்பா வீட்டுக்குப் போய்த் தனியா சொல்லிடேன்" என்றார் புருஷன்.

"கூட்டத்துல வச்சு அவளைப் பார்த்து எல்லாரையும் சிரிக்க வச்சேன். கூட்டத்துல வச்சுத்தான் சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பாப்பா கடைசி வரிசையில், கதவோரம். டெய்லரம்மா முன்னால் போய் மேஜையில் இரண்டு டேப்பையும் விரித்துப் போட்டாள். நட்டு மேஜையில் இடித்த சத்தத்தில் கூடம் அடங்கியது. கதையை வளர்க்காமல் சொன்னாள். டேப் இழுபட்டிருக்கிறது, எண் தப்பு, நாற்பத்தொரு நாள் கீழ்ப் பக்கத்துக்குப் போகவேண்டிய தண்ணீர் போகவில்லை. அப்புறம் கதவோரம் பார்த்து, "போன வருஷம் பாப்பா சொன்னது சரி. நான் பேசினதுதான் தப்பு. எல்லாரும் சிரிச்சீங்க. சிரிக்க வச்சது நான்" என்றாள்.  

நாற்றுப் பண்ணைக்காரர் எழுந்தார். கெட்டவர் இல்லை, கணக்கானவர். "இந்த நாப்பத்தொண்ணும் உத்தேசம்தானேம்மா? பாதி, முக்கால்னு நீங்களா வச்சதுதானே? தப்பான டேப்பை வச்சு மூணு வருஷம் நடத்தியாச்சு. இனிமே எந்த நம்பரை நம்பறது?"

"உத்தேசம்தான். முப்பத்தஞ்சா இருக்கலாம், நாப்பத்தஞ்சா இருக்கலாம். ஆனா யாருக்குப் போகலைங்கறதுல உத்தேசம் இல்ல. ஒரு நாள்கூட உங்க பக்கம் நஷ்டமாகல" என்றாள் டெய்லரம்மா.

அவர் உட்கார்ந்தார். கீழ்ப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று பேர் எழுந்து கத்தினார்கள். ஒருத்தர் அவள் விலைபோய்விட்டாள் என்றுகூடச் சொன்னார்.  அப்போது சலவைக்கூடத்துக்காரம்மா தன் வெண்கலக் குரலை எடுத்தாள். "தெரியாம ஓட்டினோம்னாலும் ஓட்டினது நாமதானே? நாப்பத்தொரு நாள் நம்மகிட்ட நிக்குது. திருப்பிக் குடுப்போம். இந்தக் கோடையில நூத்தெழுபது வரைக்கும் போக வேணாம், நூத்தி அறுபத்தஞ்சுலயே மோட்டாரை நிறுத்துவோம். நாப்பத்தொரு நாள் முடிஞ்சதும் பழையபடி எழுபது. என் மோட்டார் நாளைக்கே நிக்கும். மத்தவங்க அவங்கவங்க மனசைக் கேட்டுக்கங்க."

மனசைக் கேட்க இரண்டரை மணி நேரம் ஆனது. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள், சிலர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான். இரும்பு டேப்தான் இனி. அளக்கும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும், கீழ்ப் பக்கத்திலிருந்து ஒருத்தர் தினமும் வர வேண்டும். யார் வருவது என்று கேட்டதற்கு யாரும் கை தூக்கவில்லை. காலை ஆறு மணிக்குப் பாலத்துக்கு வருவதென்றால் கடைசி வளைவிலிருந்து ஒரு மணி நேர சைக்கிள். நாற்றுப் பண்ணைக்காரர் போகும்போது, "யூனிஃபார்ம் விஷயம் அப்புறம் பேசிக்கலாம்மா" என்றார். பாப்பா எப்போது எழுந்து போனாள் என்று யாரும் பார்க்கவில்லை. நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள் என்று டெய்லரம்மா உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தாள். 

மறுநாள் காலை பாலத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள். மணி ஆறு அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. கீழ்ப் பக்கத்துச் சாலையில் ஒரு சைக்கிள் வந்தது. பாப்பா இறங்கி, சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.  டெய்லரம்மா டேப்பை இறக்கினாள். நுனி தண்ணீரைத் தொட்டு வட்டம் விழுந்தது.

"நூத்தெழுபத்தொண்ணு" என்றாள்.

பாப்பா குனிந்து, கைப்பிடி விளிம்பில் கண்ணை வைத்துப் பார்த்தாள். "ஒண்ணரை, அண்ணி."

"ஒண்ணுதான்."

"கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க."

டெய்லரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தாள். அளவு விஷயத்தில் அவளிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. ஒன்றரைதான். நோட்டில் ஒன்றரை என்று எழுதி, பாப்பாவிடம் நீட்டினாள். பாப்பா பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். இருவரும் படி இறங்கி வந்து பலகையில் எழுதினார்கள். மேல் பக்கத்தில் மோட்டார் சத்தம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"அந்த மரம்..." என்று டெய்லரம்மா ஆரம்பித்தாள்.

"மரத்தை விடுங்க. மூணு இருக்கு." பாப்பா கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எனக்கு ஒரு சட்டை வேணும். பதினோரு மாசமா நீங்க தைச்ச பழைய சட்டையை அளவு குடுத்து வெளியில தைச்சுப் போட்டுக்கிட்டு அலையறேன். எவன் தைச்சாலும் தொளதொளன்னு தொங்குது. ஒருத்தனுக்கும் தைக்கத் தெரியல."

"உன் அளவுதான் நோட்டுல இருக்கே" என்று டெய்லரம்மா சந்தோஷமாக நோட்டைத் தேடினாள். எடுத்தாள், புரட்டினாள். அப்புறம் என்ன தோன்றியதோ, நோட்டை மூடி வைத்தாள். "எதுக்கும் ஒரு தரம் அளந்துடறேன். எழுந்து நில்லு."

கடை டேப்பைப் பாப்பாவின் மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். நோட்டில் முப்பத்தாறு. டேப்பில் முப்பத்திரண்டுதான் இருந்தது. தோளை அளந்தாள், இடுப்பை அளந்தாள். டேப்பைக் கொண்டுபோய் மேஜையில் இரும்பு டேப்பின் மேல் வைத்துப் பார்த்தாள். திரும்பி வந்து மறுபடியும் சுற்றினாள்.

"என்ன அண்ணி, டேப்ல ஏதாவது கோளாறா?" என்றாள் பாப்பா.

"இல்ல" என்றாள் டெய்லரம்மா. "டேப் சரியாத்தான் இருக்கு."